கலெக்டர், ஜோசியர், சாமியார்

— மயிலை மாதா மேல ஆணையா சொல்றேன் மதும்மா, இதுல ஒரு வார்த்தை பொய் கெடையாது. அந்த மொதல் சாஃப்ட்வேர் போட்ட சத்தத்துல மந்தவெளி டிப்போவுலேர்ந்து ஒரு பஸ்ஸே கெளம்பிப் போயிடுச்சு.

— ஆம்ப்ரோஸ் சார், கமிட்டி நாலு மணிக்கு. மூணு அடிச்சாச்சு.

— கண்டக்டர் விசில் குடுத்துட்டான்னு நெனச்சுக்கினான் டிரைவரு. கண்டக்டர் எதிர்க்க டீ குடிச்சுக்கினு கீறான். வண்டி பாரிமுனை வரைக்கும் போயிடுச்சு. உள்ள ஒருத்தனுக்கும் டிக்கெட் இல்ல. ஜனங்க நம்ம காப்பகத்த வாழ்த்திக்கினே எறங்கிப் போனாங்களாம்.

— ராஜா அண்ணாமலைபுரத்துல கம்ப்யூட்டர் அடிச்ச பீப் மந்தவெளி வரைக்கும் கேட்டுதாக்கும்?

— காத்து அந்தப் பக்கம். நவம்பர் மாசத்துக் காத்தாச்சே.

— நீங்க அதை டெஸ்ட் பண்ணினது ஆகஸ்ட்ல.

— பாத்தியா, அதான் எனக்கே ஆச்சரியமா கீது.

— பெருமாளே! சார், அது பீப் அடிக்கும்னு நேக்கும் தெரியும். முடிவுத் தேதிங்கற கட்டத்தைக் காலியா விட்டா அடிக்கும், தேதியைப் போட்டா நிறுத்திடும். சமாச்சாரம் அவ்வளவுதான்.

— அவ்ளோதான்னு நீ சொல்ற.

— சரி, நான் படிக்கறேன், கேளுங்கோ. கமிட்டில வாசிக்கப் போற ரிப்போர்ட். "நம் ஆவணக் காப்பகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. ஒவ்வொரு பெட்டிக்கும், இவை யாருடைய தாள்கள், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, உள்ளே என்னென்ன என்று ஒரு வழிகாட்டிப் பட்டியல் உண்டு. இப்பட்டியல்களைக் கணினியில் ஏற்றி, உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தேடும்படி குறியிட வேண்டும். அதற்குத் தோதான மென்பொருளைத் தேர்ந்தெடுக்க, ஒரே பெட்டியின் பட்டியலை மூன்று மென்பொருள்களிலும் ஏற்றிச் சோதித்தோம்."

— எந்தப் பெட்டின்னு போடலியா?

— போட்டிருக்கேன். "திரு. ஆண்ட்ரூ ஆம்ப்ரோஸ் வரைந்த படகுப் படங்கள்."

— திருவெல்லாம் எதுக்கு? சின்னப் பையன்.

— சோதனைக்குச் சின்னப் பெட்டியா ஒண்ணு எடுங்கோன்னுதான் கமிட்டி சொன்னா. நீங்க ஆத்துலேர்ந்து உங்க புள்ளையோட பெட்டியைத் தூக்கிண்டு வந்து மேஜை மேல வெச்சுட்டேள். அன்னிக்கே வேற பெட்டியை எடுத்திருந்தா இந்த வம்பே இல்ல.

— சின்னப் பெட்டி கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச சின்னப் பெட்டி அதான். நான் வெச்ச பேரையெல்லாம் ரிப்போர்ட்ல போட்டியா?

— கலெக்டர், ஜோசியர், சாமியார்னா? கமிட்டில எப்படி சார் வாசிக்கறது?

— வாசிச்சாத்தான் அவங்களுக்குப் புரியும். மொதலாவது கலெக்டர் ஆபீசு. ஒரு கட்டம் காலியா வுட்டா மனுவத் திருப்பி மூஞ்சில அடிக்கும். ரெண்டாவது ஜோசியர். நம்மளக் கேக்காமலே தானா எல்லாத்தையும் எழுதிக்கும். மூணாவது சாமியார். இடுப்புல ஒரு துண்டு, கையில ஒண்ணுமில்ல. காசும் கேக்காது, கேள்வியும் கேக்காது.

— அந்தச் சாமியாரைத்தான் வாங்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறேள்.

— வாங்கறதுக்கு இன்னா கீது? அதான் சும்மாவே டெலிபோன்ல வந்துச்சே. அது வந்த கதைய உனக்குச் சொன்னேனா?

— வேண்டாம்.

— மோடத்த ஃபோனுல மாட்டிட்டு உக்காந்துக்கினு கீறேன். டர்ர்னு வருது. நடுவுல லைன் கிராஸ் ஆயிடுச்சு. தீபாவளி நேரமில்லியா, தியாகராய நகர்ல ஒரு மாமி ரங்கநாதன் தெருவுல எடுத்த பொடவையப் பத்தி அவங்க தங்கச்சிகிட்ட பேசிக்கினு கீறாங்க. எல்லாம் அந்தக் கோப்புக்குள்ள வந்துடுச்சு. தொறந்து பாத்தா மேல பாதி சாஃப்ட்வேரு, கீழ பாதி மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர்.

— மாதா மேல ஆணையா?

— ஆணையா. சாயம் போகும்னு தங்கச்சி சொல்லிச்சு. அதுவும் வந்துச்சு.

— சார், சிரிக்க வெக்காதேள். நேக்கு அழுகையா வரது. உங்க சாமியார்ல ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி ஒரு குறி, பின்னாடி ஒரு குறின்னு கையாலேயே அடிக்கணும். ஒரு குறி விட்டுப் போச்சுன்னா பட்டியல் முழுக்கக் கோணிக்கும். அதை யார் பண்றது? செண்பகமும் தேவானையும். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிட்டு வந்த பொண்கள். ஆயிரம் பெட்டிக்கு அவா அடிச்சு முடிக்கறதுக்குள்ள நானே ரிட்டயர் ஆயிடுவேன். கலெக்டர்னா கட்டம் கட்டமா இருக்கு. பேர் கேட்டா பேர், வருஷம் கேட்டா வருஷம். குறியெல்லாம் அதுவே போட்டுக்கறது. ரெண்டே நாள்ல கத்துண்டுட்டா.

— செண்பகம் கெட்டிக்காரி. எதையும் கத்துக்கும்.

— பேச்சை மாத்தாதேள். சரி, ஜோசியர் வேண்டாம்னேள். ஏன்னு இன்னி வரைக்கும் சொல்லலை. ரிப்போர்ட்ல காரணம் எழுதணும்.

— டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரி கம்ப்யூட்டருக்கெல்லாம் புத்தி பெரண்டுடும்னு பேப்பர்ல போட்டிருக்கான் இல்ல? ஜனவரி ஒண்ணாந்தேதி ஜோசியர் ரெண்டாயிரத்துக்குப் பதிலா ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு போட்டுக்கும். என் பையன் எங்க தாத்தாவுக்கே மூத்தவனாயிடுவான். தாத்தா அவன் கால்ல வுழுந்து ஆசீர்வாதம் வாங்கணும். அந்தாளு யார் கால்லயும் வுழுந்தவரில்ல. மானஸ்தன்.

— அது தேதியை நாலு இலக்கமா வெச்சுக்கறது சார். அந்தப் பயம் அதுக்குக் கிடையாது. நானே கேட்டுண்டேன். நெஜக் காரணத்தைச் சொல்லுங்கோ.

— முடிவுத் தேதிக் கட்டம் காலியா இருந்துச்சுன்னா அதுவே அன்னன்னிக்குத் தேதியப் போட்டுக்குது.

— ஆமாம். அது ஒரு வசதின்னு விளம்பரமே பண்றா.

— வசதிதான். திங்கக்கெழம தொறந்தேன். ஆண்ட்ரூ ஆம்ப்ரோஸ், பொறந்த தேதி, அப்பறம் ஒரு கோடு, திங்கக்கெழமத் தேதி. அழிச்சேன். செவ்வாக்கெழம தொறந்தேன். ஒரு கோடு, செவ்வாக்கெழமத் தேதி. அழிச்சேன். புதன்கெழமயும் தொறந்தேன் மதும்மா.

— சார்.

— அப்பறம் தொறக்கறதில்லன்னு வுட்டுட்டேன். காரணம் வேணும்னா, மெதுவா ஓடுதுன்னு எழுதிக்க.

— எழுதிக்கறேன். மெதுவா ஓடறது. போறும்.

— காபி குடிக்கிறியா? ஃபிளாஸ்க்ல கீது.

— வேண்டாம் சார். அது இருக்கட்டும், உங்காத்து டீச்சர் காலம்பற ரெண்டு தரம் ஃபோன் பண்ணினா. இன்னிக்கு உங்களுக்குக் கல்லறைத் திருநாளாமே. சீக்கிரம் கிளம்பச் சொல்லுன்னா. நீங்க லீவே போட்டிருக்கலாம்.

— டோரதி அவங்க அம்மா கல்லறைக்குப் பூ வெக்கப் போறா. மாமியா உயிரோட இருந்தப்பவே நான் ஒரு மொழம் பூ வாங்கிக் குடுத்ததில்ல. இப்பப் போயி நின்னா அந்தம்மா எந்திரிச்சு உக்காந்து, இன்னா மாப்ள புதுசா கீதுன்னு கேக்கும். கல்லறையில அந்த மாதிரி கலாட்டாவெல்லாம் வேணாம்.

— வருஷா வருஷம் இந்த நாள்ல நீங்க மட்டும் ஆபீஸ்லதான் இருக்கேள். நான் சேர்ந்ததுலேர்ந்து பாக்கறேன்.

— எனக்கு வேலை மேல அவ்ளோ ஆசை.

— ரிட்டயர் ஆன அப்பறமும் வந்து உக்காந்துக்கறேள். அந்தப் பெட்டி பக்கத்துல வெச்சுண்டுதான் சாப்படறேள். தயிர்சாதம் சிந்தினா என்ன ஆறது?

— முடிவுத் தேதி இல்லாத பெட்டி அலமாரிக்குப் போவக் கூடாது. மேஜை மேலதான் இருக்கணும். அதானே விதி?

— அந்த விதியை எழுதினதே நீங்கதானே சார். இன்னும் தாள் வந்து சேரக்கூடிய பெட்டின்னா திறந்தே இருக்கட்டும், முடிஞ்சதுன்னா தேதி போட்டு, கட்டி, ஏ.சி. ரூமுக்கு அனுப்பிடணும்னு.

— அந்த ஏ.சி. ரூமு ரொம்பக் குளிருது மதும்மா.

— காகிதத்துக்குக் குளிர் நல்லது.

— தெரியும். நாந்தான் அந்த மெஷினுக்கும் ஆர்டர் போட்டேன்.

— நான் ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிண்டிருந்தேன். அந்தப் படங்களை ஒவ்வொண்ணா எடுத்து உங்க பட்டியலோட சரிபாத்தேன் இல்லியா. அத்தனை படகும் மணல்ல கிடக்கறது. கட்டுமரத்தோட கயிறு முடிச்சு வரைக்கும் அளவெடுத்திருக்கார். நொச்சிக்குப்பத்துல எந்த வீட்டு வாசல்ல எந்தப் படகுன்னு குறிச்சிருக்கார். ஆனா தண்ணியில ஒரு படகு கூட இல்ல.

— தண்ணியில படகு சும்மா நிக்குமா? ஆடிக்கினே இருக்கும். டேப்ப வெச்சா ஒரு ஓரத்த மீன் கடிச்சு இழுக்கும். அளவெடுக்கறவனுக்குப் பொறுமை வேணும்தான், அதுக்காக மீன்கிட்டல்லாம் மல்லுக்கு நிக்க முடியாது.

— கடைசிப் பத்துப் படம் மட்டும் ஏன் வேற மாதிரி? சின்னச் சின்னக் காகிதம். கோடெல்லாம் நடுங்கிண்டு போறது.

— அது... அது படகுல உக்காந்துக்கினு வரைஞ்சது. அலை ஆட்டிச்சு.

— இப்பதானே சொன்னேள், தண்ணியில...

— அய்யாதுரையோட படகு. நொச்சிக்குப்பம் அய்யாதுரை. நல்ல மனுசன், ஆனா அவன் படகு மட்டும் நெலையா நிக்காது. அந்தப் படகுலதான் ஆண்ட்ரூ போனான். காலையில கஞ்சி குடிச்சுட்டு, பென்சில காதுல சொருவிக்கினு போனான். ஆழத்துல ஒரு பெரிய மீனு வந்து படகுக்குக் கீழ படுத்துக்கிச்சு. மணல் திட்டுன்னு நெனச்சுக்கினு இவன் எறங்கி அளவெடுத்துக்கினு கீறான். எண்பது அடி எழுதினான். மீதி இருபது அடிய எழுதறதுக்குள்ள மீனு கெளம்பிடுச்சு.

— போன வருஷம் கிரேக்கக் கப்பல் ஒண்ணு ஏத்திண்டு போச்சுன்னேள்.

— மீனு கொண்டுபோயி கப்பல்ல வுட்டுச்சு. நடுவுல இன்னா நடந்துச்சுன்னு நீ போன வருஷம் கேக்கல.

— அப்ப மொரீஷியஸ்ல இருந்தார். முந்தின வருஷம் ரங்கூன்.

— மாத்தலாயிடுச்சு. பேங்க்காரனுக்கு மட்டுந்தான் ட்ரான்ஸ்ஃபரா? இந்த வருஷம் வால்பரைசோ. தென் அமெரிக்கா. மலை மேல வூடு. கீழ துறைமுகம். அங்க இருக்கற படகெல்லாம் அளந்துக்கினு கீறான். முடியறதா தெரியல. அந்த ஊர்ல தெனம் ஒரு புதுப் படகு கட்டறானுங்க.

— சார், நான் உங்களைக் கேலி பண்றதுக்குக் கேக்கலை. நேக்கும் மனசு இருக்கு. கடல்ல போன புள்ளைக்கு ஒரு அப்பா தேதி எழுத மாட்டார்னு நேக்குத் தெரியாதா? அதனாலதான் நான் ஒரு காரியம் பண்ணினேன். இந்த ஃபாக்ஸைப் பாருங்கோ. கலெக்டர் கம்பெனிக்காரனுக்கு எழுதினேன். பதில் காலம்பறதான் வந்தது.

— இன்னா சொல்றான்?

— நல்ல சேதி. முடிவுத் தேதி இல்லாம விடறதுக்கு உள்ள ஒரு வழி இருக்காம். பக்கத்துல ஒரு சின்னக் கட்டம். "உயிருடன் இருக்கிறார்"னு டிக் பண்ணிட்டா அது தேதி கேக்காது. பீப் அடிக்காது. பெட்டி திறந்த பெட்டியாவே இருக்கும். உங்க மேஜை மேலேயே இருக்கும்.

— ஓ.

— செண்பகம் தேவானைக்கும் சுலபம், கமிட்டிக்கும் சந்தோஷம், உங்களுக்கும் தேதி எழுத வேண்டாம். எல்லாம் முடிஞ்சுது. பட்டியலை எழுதினது நீங்க, அதனால டிக் போட்டு நீங்கதான் கையெழுத்துப் போடணும். இந்தாங்கோ பேனா.

— பேனா நல்லா கீதே. ஹீரோவா?

— சார், டிக்.

— இந்த ஹீரோ பேனாவப் பத்தி ஒரு கதை கீது மதும்மா. பர்மா பஜார்ல ஒரு தரம்...

— சார், மணி மூணரை.

— மாட்டேன்.

— என்ன மாட்டேள்?

— டிக் போட மாட்டேன்.

— ஏன் சார்? இவ்வளவு நாழி வால்பரைசோன்னேள். மலை மேல வீடுன்னேள். மாதா மேல ஆணை வேற. வாயால ஆயிரம் தரம் சொல்றதை ஒரு தரம் டிக் போடக் கூடாதா?

— வாய் வேற, ரெக்கார்டு வேற. வாயால சொல்றது கேக்கறவன் வூட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுவான். ரெக்கார்டு அப்படியில்ல. எவனோ ஒருத்தன், நாம பாத்தேயிராத ஒருத்தன், என்னிக்கோ வந்து அதைத் தொறந்து பாப்பான். நம்ம கையெழுத்த நம்பி எழுதிக்கினு போவான். அவன ஏமாத்தக் கூடாது. இந்த ரூமுல நான் உக்காந்த காலத்துலேர்ந்து ஒரு பட்டியல்ல ஒரு பொய் எழுதினதில்ல. தெரியலன்னா காலியா வுடுவேன். காலியா வுடறது பொய்யில்ல.

— அதனாலதான் சாமியாரா?

— அது ஒண்ணுதான் காலியா வுட்டா காலியாவே வெச்சுக்குது. ஏன்னு கேக்கல. அதுவா ஒண்ணை எழுதிக்கல. உயிரோட கீறானா இல்லியான்னு டிக் கேக்கல. உக்காந்துக்கினு கீது, அவ்ளோதான். அது மாதிரி ஒரு சாஃப்ட்வேர நீ எங்க தேடினாலும் கெடைக்காது.

— ஒரு கட்டத்துக்காக ஆயிரம் பெட்டியை...

— தெரியுது. நீ திட்டினா வாங்கிக்கறேன்.

— நான் திட்டலை சார். நேக்கு ஒரு கையெழுத்து வேணும். அது இல்லாம இன்னிக்கும் கமிட்டி கலைஞ்சுதுன்னா இந்தக் காரியமே போயிடும். வெளிநாட்டு உதவி டிசம்பரோட முடியறது. அப்பறம் இந்தப் பெட்டியில எதெது எங்கே இருக்குன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கப்பறம்?

— எனக்கப்பறம் இந்த ரூமுக்கு வெள்ளம் வந்துடும். அடையாறு ஆறு நேரா உள்ள பூந்து, ஒவ்வொரு பெட்டியா படிச்சுப் பாத்துட்டு...

— யாரோ வர சத்தம் கேக்கறது. அடடா, டீச்சர்! வாங்கோ, வாங்கோ. மழையில நனைஞ்சுட்டேளே. அந்த ஃபேன் கிட்ட உக்காருங்கோ.

— உட்கார நேரமில்லம்மா. பூ நசுங்கிடும். ஆண்ட்ரூ அப்பா, கிளம்புங்க. ஃபாதர் நாலரைக்குக் கல்லறையெல்லாம் மந்திரிக்க வர்றாராம். மழை விட்டிருக்கிறப்பவே மெழுகுவத்தி ஏத்திடணும்.

— டோரதி, மீட்டிங் கீது. நீ போயிட்டு வா. உங்கம்மாவுக்கு என்னக் கண்டா ஆவாது.

— எங்கம்மாவா?

— ஆமாம் டீச்சர், சார் இப்பதான் சொல்லிண்டிருந்தார். உங்க அம்மா கல்லறைக்குத்தானே போறேள்?

— எங்கம்மாவை நாகப்பட்டணத்துல அடக்கம் பண்ணியிருக்கும்மா.

— அப்போ இங்கே யாருக்கு...

— மதும்மா, அது வந்து, மாமியாரு நாகப்பட்டணத்துல இருந்தாங்களா, அங்க உப்புத் தண்ணி ஒத்துக்காம...

— ஆண்ட்ரூ அப்பா. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

— யாருக்கு சார்?

— அவர் சொல்ல மாட்டார்மா. இந்த வருஷம் எந்த ஊர்ல இருக்கானாம்?

— வா... வால்பரைசோ டீச்சர்.

— அது எங்க இருக்கு?

— தென் அமெரிக்கால.

— தூரம்தான். ரங்கூன்னா பரவாயில்ல, கிட்ட இருந்துச்சு.

— டீச்சர், நேக்கு ஒண்ணும் புரியலை. படகு, அய்யாதுரை...

— அய்யாதுரை எங்க வீட்டுக்கு மீன் கொடுக்கிறவரு. அவர் படகு கரையில கிடக்கறப்ப இவன் போய் உட்கார்ந்து வரைவான். அவனுக்குத் தண்ணின்னா பயம்மா. முழங்காலுக்கு மேல அலை வந்தா மணலுக்கு ஓடி வந்துடுவான். இருபத்து நாலு வயசுலயும் அப்படித்தான். அய்யாதுரை கேலி பண்ணுவாரு, படகை இவ்வளவு நல்லா தெரிஞ்சவன் படகுல ஏற மாட்டேங்கிறானேன்னு.

— அந்தக் கடைசிப் பத்துப் படம்...

— பார்த்தியா அதை? அடையாறு ஆஸ்பத்திரியில. ரத்தத்துல புத்துநோய். படுத்துக்கிட்டே, ஞாபகத்துல இருந்து வரைஞ்சான். கையில ஊசி குத்தியிருக்கும், அதான் கோடு நடுங்கும். மருந்துச் சீட்டு அளவுக்குக் காகிதம் வெட்டிக் கொடுத்தது இவர். பென்சில் சீவிக் கொடுத்ததும் இவர். எனக்கு ஸ்கூல் இருந்துச்சு, நான் சாயங்காலம்தான் போவேன். நாள் பூரா கூட இருந்தது இவர்தான்.

— பெருமாளே. டீச்சர், நான் இவ்வளவு நாழியா இவரை, "உயிருடன் இருக்கிறார்"னு டிக் போடுங்கோ, டிக் போடுங்கோன்னு...

— போட்டாரா?

— மாட்டேன்னுட்டார்.

— போட மாட்டார். பேசுறதுல ஒண்ணு நம்ப முடியாது. எழுதுறதுல பொய் வராது. எங்க கல்யாணத்தப்போ சர்ச் ரிஜிஸ்டர்ல மாப்பிள்ளைக்கு ஒரு வயசு குறைச்சுப் போடலாம்னு எங்க வீட்டுல கேட்டதுக்கே ரெண்டு நாள் பேசாம இருந்தவரு.

— ஒண்ணரை வயசு. ஒண்ணரை வயசு கொறைக்கச் சொன்னாங்க டோரதி.

— சரி. ஒண்ணரை. வாங்க, போகலாம். பதினஞ்சு வருஷமா நான் தனியாத்தான் போறேன். கூப்பிடறதில்ல, சரி, ஆபீஸ்ல இருக்கட்டும்னு. இந்த வருஷம் அந்தத் தரையில பாசி பிடிச்சுக் கிடக்கு. எனக்கு முட்டி வலிக்குது. குனிஞ்சு தேய்க்க முடியல.

— நம்ம பொண்ணு லிசாவக் கூப்புட்டுக்கினு போயேன்.

— லிசாவுக்கு நாளைக்குத்தான் லீவு. அதோட நான் லிசாவைக் கூப்பிட வரல.

— சார், நீங்க போயிட்டு வாங்கோ. கமிட்டியை நான் பாத்துக்கறேன். இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு சொல்லிடறேன்.

— வேணாம் மதும்மா. அந்த ரிப்போர்ட்டக் குடு. எங்க போடணும், இங்கியா? கலெக்டரே இருக்கட்டும். செண்பகத்துக்கும் தேவானைக்கும் அதான் தோது. ஆயிரம் பெட்டிக்காரனும் நம்மள நம்பிக்கினு கீறான். இந்தா. போட்டுட்டேன்.

— சார், உங்களுக்கு நிச்சயமா? சாமியார்...

— சாமியாருக்கு ஊரு பூரா மடம் கீது. எங்கியாவது போயிப் பொழச்சுக்கும்.

— அப்போ... பெட்டியைக் கட்டி ஏ.சி. ரூமுக்கு...

— நாளைக்கு நானே கட்டறேன். வெள்ளை நாடாவால கட்டணும். ரப்பர் பேண்டு போடாத, காயிதத்துல ஒட்டிக்கும். இன்னிக்கு மட்டும் மேஜை மேல இருக்கட்டும்.

— இருக்கட்டும் சார். ஆனா அந்த முடிவுத் தேதி? கலெக்டர் கேக்குமே. நீங்க சொன்னா நான் ரிப்போர்ட்லயே எழுதிடறேன்.

— தேதியா? வயசாயிடுச்சு மதும்மா. எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. மயிலை மாதா மேல ஆணையா.

— மீட்டிங் முடிஞ்சதும் நீயும் அங்க வாம்மா, குயிபிள் ஐலண்டு கல்லறை இதோ நடந்து போற தூரம்தான். கல்லுல தேதி தெளிவா இருக்கு. கல் வெட்டறவருக்கு அன்னிக்கு சாயங்காலமே எழுதிக் கொடுத்தது இவர்தான்.